நண்பர் வேகக்காரர், நான் புதியவன்: இருவராக ஐந்து நாள் முதுகுப்பை நடை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்களும் நண்பரும் டென்ட், ஸ்டவ், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஐந்து நாள் மலைப்பாதையில் நடக்கப் போகிறீர்கள். அவர் பல முறை போய் வந்தவர், தினமும் ஓடுபவர். உங்களுக்கு இதுதான் முதல் முறை. நாற்காலி வேலை, எடை 65 கிலோ. நாளுக்கு 20 கிலோமீட்டர் என்று அவர் திட்டம் போட்டுவிட்டார். பையில் எவ்வளவு எடை வைக்கலாம், 20 கிலோமீட்டர் முடியுமா, என்ன வாங்க வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ‘நான் அவனுக்குப் பாரமாகிவிடுவேனோ’ என்று ஒரு வரி. எனக்கென்னவோ அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. முதல் மூன்றுக்கும் விடை அதைப் பொறுத்துத்தான் மாறும்.

நான் பல வருடங்களாகச் சிறு குழுக்களை மலைப்பாதைகளில் அழைத்துப் போகிறவன்; மருத்துவமனை எட்டாத இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி எடுத்தவன். டாக்டர் அல்ல. பனிப்பாறை, கயிறு கட்டி ஏறும் பாதை போன்றவற்றுக்கு நான் சொல்வது பொருந்தாது. நடந்து போகிற பாதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 20 கிலோமீட்டர். மலையில் தூரம் பாதிக் கணக்கு. ஏற்றம் மீதிக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன வாய்ப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கிலோமீட்டரில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர். 600 மீட்டர் ஏறினால் ஒரு மணி கூடுதல். 20 கிலோமீட்டர் தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு இது 5 மணி 40 நிமிடம் தரும். உங்கள் நண்பர் மனதில் ஏறக்குறைய இந்த எண்தான் இருக்கும். ஆனால் இது நல்ல உடல்தகுதி உள்ளவர், லேசான பையோடு, எங்கும் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. ஐந்து நாள் சுமையோடு வரும் புதியவருக்கு நான் மணிக்கு 4 கிலோமீட்டர்தான் வைப்பேன். ஏற்றத்தைச் சேர்த்து, வருகிற விடையில் கால் பங்கை ஓய்வுக்கென்று கூட்டுவேன். அதே நாள் 8 மணி 20 நிமிடம் ஆகிவிடுகிறது. பாதை முழுக்கக் கல்லும் வேருமாக இருந்தால் அதுவும் போதாது.

ஒரே ஒரு நாள் என்றால் நீங்கள் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவீர்கள். மறுநாள் காலை அதே பையை மறுபடி தூக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. முதல் இரண்டு நாளுக்கு 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்ற அளவில் வையுங்கள். என் கணக்கில் அது 5 மணி நேரம். மூன்றாம் நாள் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்து 15 போகலாம். பாதையின் அமைப்பு இதற்கு இடம் கொடுக்காமல், தங்கும் இடங்கள் 20 கிலோமீட்டருக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன என்றால், வேறு பாதையைப் பாருங்கள். இதில் நான் கறாராகச் சொல்கிறேன். மாலை மங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்கும் இடத்தில் இருக்கும்படி திட்டம் இருக்க வேண்டும். இருட்டில் டென்ட் இடம் தேடுவதும் தண்ணீர் தேடுவதும் களைத்த இருவருக்குச் சண்டை மூட்டிவிடும்.

இனி வேக வித்தியாசம். இருவர் நடையில் எப்போதும் நடப்பது இது: வேகமானவர் முன்னால் போய் ஒரு வளைவில் பையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்வார். அவரைக் கண்டதும் முன்னவர் ‘போலாமா’ என்று எழுந்துவிடுவார். ஒருவருக்குப் பத்து நிமிட ஓய்வு, அது தேவைப்படாதவருக்கு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. மதியத்துக்குள் மெதுவானவர் இன்னும் மெதுவாகிவிடுவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனாலும் நட்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். தீர்வு எளிது: நீங்கள் முன்னால் நடங்கள், அவர் பின்னால் வரட்டும். ஏற்றத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். ஓய்வு நேரத்தைக் கடைசியாக வந்தவர் பை இறக்கிய நிமிடத்திலிருந்துதான் எண்ண வேண்டும். ஓடிப் பழகியவருக்கு உங்கள் வேகத்தில் நடப்பது முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ‘உன் வேகம் ஒத்துவரவில்லை என்றால் மாலையில் முகாம் போட்ட பிறகு பையில்லாமல் பக்கத்து மேடு வரை ஒரு சுற்று போய் வா’ என்று நானே சிலரிடம் சொல்லியிருக்கிறேன். வேகக்காரர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்தது சுமை. உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று எங்கும் படிப்பீர்கள். உங்களுக்கு அது 13 கிலோ. இது அனுபவத்தில் வந்த கைக்கணக்கு. இந்த எண்ணைத் தாண்டினால் காயம், தாண்டாவிட்டால் பாதுகாப்பு என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. 65 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆளுக்கும், அதே எடையில் தசை உறுதியான ஆளுக்கும் 13 கிலோ ஒன்றல்ல. ஆனால் முதல் முறை போகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி என்னிடம் இல்லை. தண்ணீரையும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் 13 என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒருவருக்கு ஒரு நாள் உலர் உணவு 600 முதல் 900 கிராம். ஐந்து நாளுக்கு உங்கள் பங்கு சாப்பாடே மூன்று முதல் நாலரைக் கிலோ.

இருவராகப் போவதன் லாபம் இங்கே இருக்கிறது. ஒரு டென்ட், ஒரு ஸ்டவ், ஒரு பாத்திரம், ஒரு வாட்டர் ஃபில்டர், ஒரு பெரிய முதலுதவிப் பை ஆகியவற்றை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். சரிபாதியாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று நினைக்காதீர்கள். வலுவானவர் பொதுச் சாமானில் அதிகம் எடுப்பதுதான் இருவருக்கும் நல்லது, ஏனென்றால் இருவரும் சேர்ந்து போகிற வேகம் உங்கள் வேகம். ஆனால் இதில் ஓர் எல்லை உண்டு. முதுகில் ஒரு கிலோ கூடினால் நடைக்கான சக்திச் செலவு உத்தேசமாக ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். நான்கு கிலோவை உங்களிடமிருந்து அவருக்கு மாற்றினாலும் இருவருக்கும் இடையிலான இடைவெளி கொஞ்சம் குறையும், மூடாது. எடையை மாற்றிவிட்டோம், இனி 20 கிலோமீட்டர் போகலாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு சின்னத் தந்திரம்: முதல் இரண்டு நாளுக்கான சாப்பாட்டை உங்கள் பையில் வைத்து, அதிலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். இருவர் சாப்பாடு என்பதால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ அளவில் உங்கள் பை இறங்கிக்கொண்டே போகும். உடம்பு மோசமாக இருக்கிற மூன்றாம் நாளுக்குள் சுமையில் மூன்று கிலோ அளவு குறைந்திருக்கும்.

எதைப் பிரிக்கலாம் என்பதைவிட எதைப் பிரிக்கவே கூடாது என்பது முக்கியம். மூடுபனியில் இருவரும் பிரிந்துவிட்டால், ஆளுக்கொரு இரவைத் தனியாகத் தள்ள முடிய வேண்டும். இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு பொருளுக்கும் வைத்துப் பாருங்கள். மழைக்கோட்டு, சூடான மேலாடை, ஸ்லீப்பிங் பேக், ஹெட்லாம்ப், விசில், லைட்டர், ஒரு நாள் சாப்பாடு, தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரை, பாதை வரைபடம், மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற அவசரகாலப் போர்வைப் பை இவையெல்லாம் இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். டென்ட் துணி ஒருவரிடம், கம்பிகள் மற்றவரிடம் என்று பிரிப்பது பலரும் செய்வது. பிரிந்த இரவில் இரண்டுமே குப்பை. டென்ட் முழுதும் ஒருவர் பையில், ஸ்டவ்வும் பாத்திரமும் மற்றவர் பையில் இருக்கட்டும். சியாட்டிலைச் சேர்ந்த ‘தி மவுன்டனியர்ஸ்’ என்ற கழகம் 1930-களில் தன் மாணவர்களுக்காகத் தொகுத்த ‘பத்து அத்தியாவசியங்கள்’ பட்டியல் இதே நோக்கத்தோடு வந்ததுதான்: எதிர்பாராமல் வெளியில் ஓர் இரவு கழிக்க நேர்ந்தால் என்ன வேண்டும் என்பது. வரைபடம் போனில் இருக்கிறதே என்றால், இருவர் போனிலும் இணையம் இல்லாமல் திறக்கிறபடி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். முடிந்தால் காகிதத்தில் ஒரு பிரதி.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். ஒவ்வொரு பாதைப் பிரிவிலும் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், விதிவிலக்கு இல்லை. காணவில்லை என்று தெரிந்ததும் மெதுவானவர் இருந்த இடத்திலேயே நின்று விசில் ஊதட்டும், மற்றவர் கடைசியாகச் சேர்ந்திருந்த இடம் வரை திரும்பி வரட்டும். இருவரும் தேடிக் கிளம்பினால் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஆபத்துக்கான விசில் குறி நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் பரவலாக நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி; வட அமெரிக்காவில் மும்மூன்றாக. எது என்று உங்கள் இருவருக்குள் ஒத்துப்போனால் போதும்.

வாங்கும் விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பெரும்பாலானவற்றை இரவல் வாங்கலாம். இரண்டுக்கு மட்டும் இரவல் வேண்டாம். ஒன்று, ஷூ. மற்றது, பை. பையில் பார்க்க வேண்டியது லிட்டரை அல்ல, முதுகு நீளத்தை: கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளந்து அதற்கேற்ற அளவு எடுங்கள். இடுப்புப் பட்டை அந்த விளிம்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். எடையில் பெரும்பகுதி அங்கே இறங்கினால்தான் தோள் தப்பிக்கும். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில், ஸ்லீப்பிங் பேக் அடியில், மழைக்கோட்டு மேலே. ஷூவைப் பொறுத்தவரை எடைதான் முதல் விஷயம். காலில் ஒரு கிலோ கூடினால் சக்திச் செலவு 7 முதல் 10 சதவீதம் வரை கூடுவதாக ராணுவத்துக்காகச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. முதுகில் கூடுவதைவிடப் பல மடங்கு. கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் சுளுக்கைத் தடுக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். சான்றுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. நல்ல பாதையில் லேசான ஷூ போதும் என்பது என் கட்சி. உங்கள் நண்பர் வேறு கட்சியாக இருந்தால் அதில் சண்டை வேண்டாம், அவரவர் கால்.

ஸ்லீப்பிங் பேக் இரவல் வாங்கும்போது அதில் அச்சிட்ட எண்களில் ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதைப் பாருங்கள், ‘லிமிட்’ என்பதை அல்ல. இரண்டுக்கும் சில டிகிரி வித்தியாசம் உண்டு. லிமிட் என்பது சுருண்டு படுத்து ஒருவாறு சமாளிக்கிற வெப்பநிலை. அடியில் விரிக்கும் பாய் மெலிதாக இருந்தால் எந்தப் பையும் காப்பாற்றாது, உடம்பின் கீழே நசுங்கிய பஞ்சில் சூடு நிற்காது.

இப்போது உங்கள் உடம்பு. புதியவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், நின்றால் திரும்பி வந்துவிடும். கால்களை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இந்த வகை உழைப்பில்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். அதனால் வரும் வலி அன்றைக்குத் தெரியாது, 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சம் தொடும். முதல் நாள் பெரிய இறக்கம் இருந்தால் மூன்றாம் நாள் காலை டென்டை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இறக்கத்தில் உழைத்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ஆகவே பயிற்சியில் மாடிப்படி ஏறி லிஃப்டில் இறங்காதீர்கள். ஏறவும் வேண்டும், இறங்குவதை அதைவிட முக்கியமாகச் செய்யவும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் இருந்தால் நல்லது. வெறும் பையில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோ இரண்டு கிலோ கூட்டி, கிளம்புவதற்கு முன்பு முழுச் சுமைக்கு வந்துவிடுங்கள்.

ட்ரெக்கிங் கம்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் முழங்கால் மூட்டின் மேல் விழும் விசையைக் கம்பு 25 சதவீதம் வரை குறைப்பதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். அதனால் காயங்கள் குறைகின்றனவா என்பதற்கு அந்த அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் கூழாங்கல் ஓடையைப் பையோடு கடக்கும்போது மூன்றாவது காலும் நான்காவது காலும் எவ்வளவு பயன் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

பாதத்தில் கொப்புளம். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் வரும். ஒரு இடம் சுடுகிறது என்று தோன்றிய உடனே நிற்க வேண்டும், அடுத்த ஓய்வு வரை தள்ளக்கூடாது. நண்பர் காத்திருக்கிறாரே என்ற கூச்சத்தில் நடந்துகொண்டே போய்க் கொப்புளத்தை உடைத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தக் கூச்சத்துக்கு இரண்டு நாள் விலை. முன்கூட்டியே காகிதப் பிளாஸ்திரி ஒட்டினால் தடுக்குமா? நீண்டதூர ஓட்டக்காரர்களிடம் ஒரே குழு இரண்டு சோதனைகள் நடத்தியது. 2014-ல் வந்ததில் பலன் தெரியவில்லை. 2016-ல் வந்ததில் நன்றாகவே தெரிந்தது. எனவே உறுதி என்று சொல்லமாட்டேன், ஆனால் விலை மலிவு, எடை இல்லை, நான் ஒட்டுகிறேன். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்சுவரில் இடிக்கும்.

தண்ணீரில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. தெளிந்த ஓடை என்றால் சுத்தம் என்பது ஒன்று. கொதிக்க வைத்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஃபில்டர் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், பெரும்பாலான ஃபில்டர்கள் வைரஸைப் பிடிக்காது. மெல்லிய குழாய்களால் ஆன ஃபில்டர் ஈரத்தோடு ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே வெடிப்பு விழுந்திருக்கும், வெளியில் தெரியாது. உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். மற்ற தவறு, எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது. உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள ஏதாவது இடையிடையே சாப்பிடுங்கள். சாப்பாட்டில் கொழுப்பு உங்கள் நண்பன்: ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கு 4. எடை குறைவாக, சக்தி அதிகமாக வேண்டுமென்றால் கொட்டைகளும் எண்ணெய்ப் பண்டமும் பையில் இருக்கட்டும். மழை என்று டென்டுக்குள் ஸ்டவ் பற்றவைக்கிற யோசனை வந்தால் இருவரில் ஒருவராவது கட்டாயம் தடுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இருவராகப் போவதன் பெரிய பாதுகாப்பு, உங்கள் உடம்பைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருக்கிறது என்பது. மலையில் வரும் சில ஆபத்துகள் முதலில் மூளையைத்தான் மந்தமாக்கும், அதனால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. குளிரில் உடல் வெப்பம் இறங்குவது அப்படி. உறைபனி இல்லாமலே, 10 டிகிரிக்குக் கீழே, நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் போதும். இதுவரை பேசிக்கொண்டு வந்தவர் வாய்மூடிவிடுகிறார், எரிந்து விழுகிறார், கால் இடறுகிறது, ஜிப் போட விரல் வரவில்லை, நாக்கு குழறுகிறது: நின்று, உலர்ந்த உடை மாற்றி, காற்று மறைத்து, இனிப்பாகச் சாப்பிட வைக்க வேண்டும். ‘ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்’ என்று அவர் சொல்வதற்கு அப்போது மதிப்பில்லை. உயரமும் அப்படித்தான். உங்கள் பாதை 2,500 மீட்டருக்கு மேல் போகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. போனால், 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் கூடுதலாக அங்கேயே தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட அறிவுரை. தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ இருந்தால் மேலே ஏற வேண்டாம். குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறார் என்றால் இரவானாலும் இறங்க வேண்டும், தனியாக அல்ல, கூட ஒருவரோடு. இதில் உடல்தகுதி எந்தக் காப்பும் தராது. உங்களைவிட ஓட்டக்காரரான அவருக்கே முதலில் வரலாம். வேகமாக ஏறுகிறவர் என்பதால் வாய்ப்பு கூடுதல் என்றே சொல்வேன்.

இருவர் என்பதற்கு ஒரு பலவீனமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நால்வர் போனால், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், இருவர் உதவிக்கு இறங்குவார்கள். இருவரில் ஒருவர் விழுந்தால் மற்றவருக்கு முன்னால் இரண்டு மோசமான வழிகள்தான்: கூடவே இருப்பது, அல்லது விட்டுவிட்டுப் போவது. ஒருவரை இன்னொருவர் முதுகில் தூக்கி மலைப்பாதையில் இறக்குவது சில நூறு மீட்டருக்கு மேல் நடக்காத காரியம். எனவே போன் சிக்னல் இல்லாத பாதையென்றால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ, 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துக் குறி அனுப்பும் பீக்கனோ ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். இருவர் நடைக்கு இதை நான் விருப்பப் பொருளாகக் கருதவில்லை. அதோடு, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பாதை, ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். கணுக்கால் சுளுக்கினால் ஒரு எளிய சோதனை: நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டு எலும்பின் பின்பக்கத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எலும்பு முறிவு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உதவி கேளுங்கள்.

கடைசியாக, யார் முடிவெடுப்பது என்பது. அனுபவம் உள்ளவர் சொல்வதைக் கேட்பதுதான் இயல்பு, பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் இயான் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளைப் பகுத்துப் பார்த்து, மக்கள் விழும் சில மனப்பொறிகளை அடையாளம் காட்டினார். ‘கூட வந்தவர் விவரம் தெரிந்தவர், அவர் பார்த்துக்கொள்வார்’ என்பது அதில் ஒன்று. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்பது இன்னொன்று. அவர் பார்த்தது பனிச்சரிவு, சாதாரண நடைபாதைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. நான் பார்த்த வரையில் நன்றாகவே பொருந்துகிறது. அதனால் கிளம்புவதற்கு முன்பே, இருவரும் தெளிவாக இருக்கும்போது, ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: திரும்பிவிடலாம் என்று யார் சொன்னாலும், காரணம் சொல்லாமல் சொன்னாலும், அன்றைக்குத் திரும்புவது. வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் எங்கிருந்து சாலைக்கு இறங்கலாம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதியவரான உங்களுக்கு இந்த உரிமை இருப்பது அவருக்கும் காப்பு. ஐந்து நாளும் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தால், அவர் தவறான தகவலை வைத்து முடிவெடுத்துக்கொண்டிருப்பார்.

பாரமாகிவிடுவீர்களா என்றால், 20 கிலோமீட்டர் திட்டத்தில் ஆகிவிடுவீர்கள்; 12 கிலோமீட்டர் திட்டத்தில் மாட்டீர்கள். திட்டம்தான் தவறு, நீங்கள் அல்ல. இதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, முழுச் சுமையோடு ஓர் இரவு தங்கும் சிறிய நடை ஒன்றுக்கு அவரைக் கூப்பிடுங்கள். நல்ல இறக்கம் உள்ள பாதையாகப் பாருங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று குறித்துவைத்தால் நெய்ஸ்மித்தை விட நம்பகமான கணக்கு உங்கள் கையில் இருக்கும். அவரும் கண்ணால் பார்த்துவிடுவார். அந்த நடையில் முழங்கால் வீங்கினாலோ, இரண்டு நாள் கழித்தும் ஒரு பக்கம் மட்டும் குத்தினாலோ, பெரிய பயணத்துக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அதற்கு எழுத்தில் பதில் சொல்ல முடியாது. வந்த பிறகு அந்த நேரக் குறிப்பையும், பெரிய பாதையின் ஒவ்வொரு நாள் ஏற்ற இறக்கத்தையும், தூங்கும் இடங்களின் உயரத்தையும் இங்கே எழுதுங்கள், நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.